ஆறாம் நம்பரில் ஒட்டிய அம்பு

ஐந்தரைக்கு எழுந்தேன். நல்லூரில் அன்று தண்ணீர் வரும் நாள். ஆறு குடம் பிடித்தேன். பால் பாக்கெட்டை வெட்டிக் காய்ச்சினேன். காபி குடித்தேன். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். சட்டைக்கு இஸ்திரி போடும்போது கரண்ட் போனது. ஒரு கை மட்டும் தேய்த்த சட்டையை மாட்டிக்கொண்டு பைக்கை எடுத்தேன்.

என் மனைவி சித்ராதேவி இறந்து நூற்றுப் பதினேழு நாள். காலை வேலைகளில் ஒன்றுதான் குறைந்திருக்கிறது. அவளைக் காலேஜ் பஸ்ஸில் ஏற்றிவிடுவது.

எட்டே முக்காலுக்குப் பெருமாநல்லூரில் பனியன் கம்பெனிக்குள் நுழைந்தேன். நான் அங்கே மெர்ச்சண்டைசர். பையர் கேட்டதற்கும் தைப்பவர்கள் கொடுப்பதற்கும் நடுவில் நிற்கிற வேலை. ஒன்பதே காலுக்கு செல்போன் அடித்தது. அனுசுயா மேடம்.

சித்ராவின் எம்.சி.ஏ. புராஜெக்ட்டுக்கு மேடம்தான் கைடு. போன வாரம் அவர் ஒரு நல்ல செய்தி சொல்லியிருந்தார். சித்ராவின் வேலை ஏறக்குறைய முடிந்துவிட்டது. வெளியூர் எக்ஸாமினர் வந்து பார்த்துச் சரி என்றால் பட்டம் வாங்குகிறவர்கள் பட்டியலில் அவள் பெயரும் இருக்கும். நான் அவளுடைய நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவளுடைய தம்பி ராஜபாண்டி, புரோகிராமை சிடியில் ஏற்றிக் கொடுத்தான்.

"ஏனுங்க முனீஸ், பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?"

"இல்லைங்க மேடம். சொல்லுங்க."

"நோட்டுல முப்பத்தெட்டுன்னு எழுதியிருக்குதுங்க. சிடில தொண்ணூத்தொண்ணுன்னு வருதுங்க."

"எதுங்க?"

"மூணாம் நம்பர் புரோகிராம். நூறு ஆட்டத்துல எத்தனை ஜெயிச்சுதுங்கறது."

"கூடத்தானே வந்திருக்கு?"

"தேதியக் கேளுங்க. அக்டோபர் இருபத்தெட்டு. தீபாவளிக்கு மறுநாளுங்க."

மேசை மேலிருந்த காலண்டரைத் திருப்பினேன்.

"சித்ரா போனது ஜூலைலீங்க. அக்டோபர்ல வேலை செஞ்சது யாருங்க? அவளுக்குப் பதிலா வேற ஒருத்தர் செஞ்சிருந்தா நான் கையெழுத்துப் போட முடியாதுங்க. நாளைக்கு எக்ஸாமினர் வர்றாருங்க. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள ஆள் யாருன்னு எனக்குத் தெரியணும். இல்லீன்னா பேரை எடுத்துருவேனுங்க. எனக்கு வேற வழி இல்லீங்க."

எங்கள் தொழிலில் ஒரு தையல் லைன் திடீரென்று ஒரு டேமேஜ்கூட இல்லை என்று சொன்னால் யாரும் பாராட்ட மாட்டோம். செக்கரை மாற்றுவோம். முப்பத்தெட்டு தொண்ணூற்றொன்று ஆனதில் நானும் அப்படித்தான் பார்த்தேன். யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

பெர்மிஷன் சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினேன்.

சித்ரா செய்தது இதுதான். ஒரு வீடியோ கேம் எழுதினாள். ஒரு மைதானம், நடுவில் உடைந்த சுவர், இரண்டு டேங்க். ஒன்றை ஒன்று சுட வேண்டும். அதை விளையாடுவதற்கு ஐந்து புரோகிராம் எழுதினாள். எப்படி விளையாடுவது என்று எதற்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஜெயித்தால் ஒரு பாயிண்ட் கூடும், தோற்றால் குறையும். அதை வைத்துக்கொண்டு அவை தாமாகவே கற்றுக்கொள்ள வேண்டும். நல்லூரில் ராஜபாண்டி ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறான். கடை மூடிய பிறகு அங்கிருக்கும் ஐந்து கம்ப்யூட்டர்களில் ஐந்தும் ஒன்றோடு ஒன்று விடியும்வரை மோதும்.

ஒரு நாள் சாப்பிடும்போது சலித்துக்கொண்டாள். "ரெண்டு ஒண்ண ஜெயிக்குது. மூணு ரெண்ட ஜெயிக்குது. ஒண்ணு மூண ஜெயிக்குது. எது கெட்டின்னு எப்படிங்க சொல்றது?"

சீல்டு சாம்பிள் என்று ஒன்று இருப்பதை நான் சொன்னேன். பையர் ஒப்புக்கொண்ட ஒரு பீஸை சீல் வைத்துத் தனியாகப் பூட்டி வைப்போம். துணி மாறும், டைலர் மாறுவான், அந்த பீஸ் மாறாது. போட்டுப் பார்க்கக் கூடாது. துவைக்கக் கூடாது. எது வந்தாலும் அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

அவள் சாப்பாட்டில் பாதியை விட்டுவிட்டு எழுந்து போனாள். மறுநாள் கடையில் தட்டிக்குப் பின்னால் ஆறாம் நம்பர் மெஷின் வந்தது. அதற்குள் பத்து கம்ப்யூட்டர் ஆட்டக்காரர்கள். எதையும் புதிதாகக் கற்றுக்கொள்ளாதவர்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அதன் ஒயரை மாட்டுவாள். மற்ற ஐந்தையும் கற்றுக்கொள்ள விடாமல் நிறுத்திவைத்து, ஆளுக்கு நூறு ஆட்டம் விடுவாள். எண்ணை நோட்டில் எழுதிக்கொண்டு ஒயரைப் பிடுங்கிவிடுவாள்.

அந்தக் கடைக்கு மூன்று சாவி. ஒன்று பாண்டியிடம். ஒன்று அவன் அப்பா, என் மாமனார் சீனிச்சாமியிடம். சித்ராவின் சாவி என்னிடம்.

மாமனார் கால்குலேட்டரைத் தட்டுவதற்கே ஆள் தேடுகிறவர். மிச்சம் பாண்டி.

கடை வாசலில் கட்டட உரிமையாளர் கிட்டுசாமி நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய நிட்டிங் யூனிட்.

"ஏனுங்க தம்பி, உங்களைத்தான் பார்க்கோணும்னு இருந்தேனுங்க. உங்க மச்சினன் ராத்திரியும் கடை நடத்தறானுங்களா?"

"இல்லைங்களே. ஒன்பதுக்கு மூடிடுவான்."

"அப்புறம் ஷட்டருக்கு அடியில வெளிச்சம் வருதுங்க. உள்ள ஃபேன் சத்தம் வேற கேக்குதுங்க. எங்க ஊட்டுல பேயிங்கறாங்க. பேய்க்கு எதுக்குடி கரண்டுன்னு கேட்டேனுங்க."

"எத்தனை நாளா?"

"நாலு மாசம் இருக்குமுங்க. தீபாவளிக்கு ஊரே காலியாக் கெடந்துச்சு. அன்னிக்கும் வெளிச்சம் வந்துதுங்க."

தீபாவளிக்குப் பாண்டி நான்கு நாள் கடை பூட்டியிருந்தான். சாவு வீடு, பண்டிகை இல்லை, கடை மட்டும் எதற்கு என்றான். அதை நம்பியிருந்தேன்.

உள்ளே போனேன். பள்ளிக்கூட நேரம், கடையில் ஒருவரும் இல்லை. பாண்டி மூன்றாம் நம்பர் முன்னால் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் திரையில் எதையோ மூடினான்.

"வாங்க மச்சான். டூட்டி இல்லையா?"

"என்னத்த மூடுன?"

"ஒண்ணுமில்ல."

"திற."

"பிரவுசிங் பண்ண வர்ற போலீஸ்காரர்கூட இப்படிக் கேக்க மாட்டாரு மச்சான்."

மேடம் சொன்னதை அப்படியே சொன்னேன். முப்பத்தெட்டு. தொண்ணூற்றொன்று. தீபாவளிக்கு மறுநாள். கிட்டுசாமி பார்த்த வெளிச்சம். அவன் முகம் ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது.

"அப்ப நாந்தான் பண்ணேன்கிறீங்க?"

"யாருன்னு கேக்கறேன்."

"பத்தாவது ஃபெயிலு மச்சான் நான். புரோகிராம் எழுதுற மூஞ்சியா இது?"

"சிடி நீதான் போட்ட."

"சிடி போடுறது தோசை ஊத்துற மாதிரி. மாவு அக்கா அரைச்சது. சரி, சாவி எங்கிட்ட மட்டுமா இருக்கு? அக்கா சாவி யாருகிட்ட இருக்கு? பி.எஸ்ஸி. படிச்சவரு யாரு? ராத்திரி வீட்டுல தனியா இருக்குறவரு யாரு? நான் கேட்டேனா உங்கள?"

அவன் சொன்னதில் தப்பில்லை. அவனுடைய இடத்தில் இருந்தால் நானும் என்னைத்தான் சந்தேகப்பட்டிருப்பேன்.

"அக்கா கடைசியா உங்ககிட்ட என்ன சொன்னா?" நாற்காலியை என் பக்கம் திருப்பினான். "'தம்பியப் பாத்துக்கங்க'ன்னுதான? நீங்க பாத்துக்குற லட்சணம் இதுவா?"

எங்கள் குடும்பத்தில் எல்லோரும் அதைச் சொல்கிறார்கள். சித்ராவின் அம்மா, என் அத்தை ஒச்சாயி, துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அழுதாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தையிடம் அதைச் சொன்னவன் நான். சித்ரா அப்படிச் சொல்லவில்லை. ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.

"என்னத்த மூடுன, பாண்டி?"

அவன் கீபோர்டை முன்னால் இழுத்தான். பிறகு திறந்தான். சித்ராவின் கேம். மைதானம், உடைந்த சுவர், சிவப்பு டேங்க், பச்சை டேங்க்.

"ஆள் இல்லாதப்ப விளையாடுவேன். பச்சை மூணாம் நம்பரு. அக்கா எழுதுனதுகூட விளையாடுறது..." முடிக்காமல் விட்டான்.

"எப்பவிருந்து?"

"தீபாவளி கழிச்சுக் கடை தொறந்ததுல இருந்து. இதுவா தொண்ணூத்தொண்ணு? மச்சான், அக்கா இருக்கையில நான் இதுகிட்டப் பத்துக்கு ஒண்ணு ஜெயிச்சா பெரிய விசயம். என்னையப் போட்டுப் பெரட்டும். இப்ப சும்மா ஜெயிக்கிறேன். பாருங்க."

பார்த்தேன். பச்சை டேங்க் தொடங்கியதும் நேராக இடது மூலைக்கு ஓடியது. சுவர் உடைந்த சந்துப் பக்கம் பார்த்து நின்றது. அங்கே யாரும் இல்லை. சுட்டது. மறுபடி சுட்டது. பாண்டி சாவகாசமாகப் பின்னால் சுற்றிப்போய் அதைக் கொன்றான்.

ஐந்து ஆட்டம். ஐந்திலும் இடது மூலை. ஐந்திலும் அதே சந்து.

"அந்த வழியா யாரோ வருவாகன்னு நெனச்சுக்கிட்டு நிக்குது" என்றான்.

"யாரோ அந்த வழியா வந்து பழக்கியிருக்காங்க."

தொண்ணூற்றொன்று யாரோடு விளையாடி வந்தது? இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தட்டியைத் திரும்பிப் பார்த்தோம்.

சித்ரா போன பிறகு தட்டிக்குப் பின்னால் பாண்டி போனதில்லை. நானும் போனதில்லை. அவளுடைய நாற்காலி அங்கேதான் இருக்கிறது. மானிட்டர் மேல் அவள் போட்ட துண்டு அப்படியே கிடந்தது. மேசை முழுக்கத் தூசி. ஆறாம் நம்பரின் ஸ்விட்ச்சில் மட்டும் தூசி இல்லை, ஒரு விரல் அகலத்துக்கு.

ஒயர் மாட்டியிருந்தது.

குனிந்து பார்த்தேன். ஒயரின் முனையில் சிவப்பாக ஒரு சின்ன அம்பு ஸ்டிக்கர். பனியன் கம்பெனியில் வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும். செக்கிங்கில் ஓட்டையோ கறையோ பார்த்தால் அந்த இடத்தைக் காட்டி இந்த அம்பை ஒட்டுவார்கள்.

"நான் மாட்டல மச்சான். அக்கா மேல சத்தியம்."

அதை நம்பினேன். ஸ்டிக்கரைப் பார்த்த பிறகு நம்பாமல் இருக்க முடியவில்லை. இந்த ஸ்டிக்கர் ரோல் யாருடைய சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

ஒன்றே காலுக்குச் சீனிச்சாமி மாமா மகனுக்கு டிபன் கேரியரோடு வந்தார். இரண்டு தெரு தள்ளி ஒரு கம்பெனியில் ஆல்ட்ரேஷன் டைலர். செக்கிங்கிலிருந்து அம்பு ஒட்டித் திரும்பி வரும் பீஸ்களைச் சரிசெய்து கொடுக்கும் வேலை.

"என்ன மாப்ள, இந்நேரத்துல? சாப்ட்டீகளா?"

"மாமா, ராத்திரி இங்க வர்றீங்களா?"

மறைப்பார் என்று எதிர்பார்த்தேன். கேரியரை மேசையில் வைத்தார்.

"ஆமா மாப்ள."

"தினமுமா?"

"தெனமுந்தேன். கடை அடைச்சதும் வந்து போடுவேன். காலைல ஆறு மணிக்கு வந்து அமத்துவேன். பாப்பா சொன்னதுதான?"

"யப்பா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?" என்றான் பாண்டி.

"ஒனக்கு ஒறக்கம் கெட வேணாம்னுதான்டா. நீ வந்து மறிச்சுட்டியின்னா?"

"அவ என்ன சொன்னா மாமா?"

"காய்ச்சல் வந்த அன்னிக்குச் சொன்னா. ஸ்விட்சப் போடுங்க. படம் வந்ததும் பெரிய பட்டன ரெண்டு வாட்டி அமுக்குங்க. நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாதீங்கப்பான்னா." துண்டை எடுத்துத் தோளில் மாற்றிப் போட்டார். "அவ நிறுத்தச் சொல்லலையே மாப்ள."

பாண்டி கேரியரைத் திறந்தான். பிறகு மூடினான்.

"அந்த ஒயரு?" என்றேன்.

"அதா? ஆடி பொறந்ததும் ஒருநா அங்கிட்டு எட்டிப் பாத்தேன். ஒயரு பாட்டுக்குத் தொங்குது. முனையில அம்பு ஒட்டியிருக்கு. எம் பையில இருந்து அவ எடுத்துட்டுப் போன ஸ்டிக்கருதேன். அம்பு ஒட்டியிருந்தா என்ன அர்த்தம்? இங்க கொறை இருக்கு, சரி பண்ணுன்னுதான? இருபத்தி மூணு வருசத்துல அம்பு ஒட்டுன பீஸ நான் அப்படியே திருப்பி அனுப்புனதில்ல. பாப்பா எனக்குத்தேன் ஒட்டி வச்சிருக்கான்னு மாட்டி விட்டேன். அந்த மிசினுக்கும் ஸ்விட்சப் போட்டேன்." எங்கள் முகத்தைப் பார்த்தார். "தப்பா மாப்ள?"

சித்ராவின் புரோகிராம்கள் ஒயர் வழியாக எது சேர்ந்திருக்கிறதோ அதோடு மோதும். அப்படித்தான் எழுதியிருந்தாள். ஆறாம் நம்பரோடு ஆடிய கணக்கைத் தானே பட்டியலில் எழுதியும் கொள்ளும். ஆடியிலிருந்து மூன்றாம் நம்பர் இரவெல்லாம் அதே பத்து ஆட்டக்காரர்களோடு ஆடியது. அவர்கள் எந்தச் சந்தில் வருவார்கள் என்று மனப்பாடம் செய்துகொண்டது. மற்றதை மறந்துவிட்டது. சீல்டு சாம்பிளைத் தினமும் எடுத்துப் போட்டுத் துவைத்த கதைதான்.

ஆனாலும் நான் விடவில்லை. பட்டியலைத் திறந்தேன். ஆடி முதல் வாரத்திலிருந்து நாளுக்கு ஒரு வரி. ஆகஸ்டில் நான்கு நாள் மட்டும் காலி. மாமாவிடம் தேதியைச் சொல்லாமல், எப்போதாவது போடாமல் விட்டதுண்டா என்று கேட்டேன்.

"பாப்பாவுக்கு முப்பதாம் நா கும்பிட ஊருக்குப் போனமே, அப்ப நாலு நா விட்டுப்போச்சு. பாப்பாவ நெனச்சு ஒறக்கமே வரல."

தேதி சரியாக இருந்தது. மாமனாரையும் செக்கிங் பண்ணி முடித்துவிட்டேன்.

நாலரைக்கு மேடத்துக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஒரு வரிகூட எழுதலீங்களே அவரு?"

"அவருக்கு இங்கிலீஷ் எழுத்தே தெரியாதுங்க. ஸ்விட்ச் போட்டாரு. ஒயர் மாட்டினாரு."

"நான் நம்பறேனுங்க. எக்ஸாமினர் நம்போணுமே." மறுபடி யோசித்தார். "ஆறாம் நம்பர் எதையும் கத்துக்காதில்லீங்க? அப்ப அது மாறியிருக்காது. ஜூலைல இருந்த மூணாம் நம்பரைக் கொண்டாந்து அதோட மறுபடி ஆட விடலாமுங்க. முப்பத்தெட்டு பக்கம் வந்துச்சுன்னா நோட்டுல இருக்கறது நெசம்னு ஆயிரும். வாராவாரம் ஒரு சிடி எடுத்து வெப்பாளே. கடைசி சிடி எங்கீங்க?"

"அவ கைப்பையில இருக்கும்."

"பை எங்கீங்க?"

"வீட்டுல."

"பார்த்தீங்களா?"

"இல்லைங்க."

மேடம் அதற்கு மேல் கேட்கவில்லை. "காலைல பத்து மணி வரைக்கும் பேரு லிஸ்ட்ல இருக்குமுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

வேலைக்குத் திரும்பிப் போகாமல் இருந்த மாமா தானும் வருவதாகச் சொன்னார். பைக்கில் பின்னால் உட்கார்ந்தார். வீட்டுக்கு வந்து ஸ்டூலைப் போட்டு ஏறி, பீரோ மேலிருந்த பையை எடுத்தேன். ஆஸ்பத்திரியில் கொடுத்ததை அப்படியே மேலே போட்டிருந்தேன். ஜிப் பாதி திறந்திருந்தது. மூடித்தான் வைத்தேன் என்று ஞாபகம். காலையில் என்றால் அதற்கும் ஒரு ஆளைத் தேடியிருப்பேன்.

பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். மாமா எதிரே நின்றார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"என்னால பாப்பா பேரு போயிருமா மாப்ள?"

"தெரியல மாமா."

"அவளுக்கு அவ்வளவு விவரம். இந்த ஒயரத் தொடக் கூடாதுன்னு ஒரு வார்த்தை சொல்லாமயா போயிருப்பா? ஆசுபத்திரில நீங்கதான கூட இருந்தீக. தம்பியப் பாத்துக்கங்கன்னு மட்டுந்தேன் சொன்னாளா?"

காலையிலிருந்து யார், யார் என்று ஊரெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். என்னிடம் யாரும் கேட்கவில்லை. இவர் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார்.

ஆஸ்பத்திரியில் அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அத்தை கஞ்சி வாங்கக் கீழே போயிருந்தாள். சித்ரா கண்ணைத் திறந்தாள். உதடு காய்ந்திருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு பேசினாள். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. காய்ச்சலில் ஏதோ சொல்கிறாள் என்று நினைத்தேன். சரி, தூங்கு என்றேன். தூங்கினாள். வராந்தாவில் அத்தை கேட்டபோது அதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. பெண்சாதி கடைசியாகச் சொன்னது என்று ஊருக்குச் சொல்கிற மாதிரி இல்லை அது.

பையைக் கீழே வைத்தேன். மாமாவைப் பார்த்துச் சொன்னேன். ஒரு வார்த்தையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"தொடக் கூடாதுன்னு அம்ப ஒட்டிட்டு வந்துட்டேங்க. அப்பா பாத்தா மாட்டி விட்டுருவாரு. மறக்காம சொல்லிருங்க."